அரப்புப் போட்டுக் குளிப்பாட்டிய படம்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு படத்தைப் போட்டான். எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் தொங்கிய பெரிய எண்ணெய் ஓவியம்தான் அது. அந்த ஓவியத்தில் எங்கள் அத்தைக்கு முகம் கிடையாது. ஒரு காதும் தாடையும் தெரியும், மிச்சமெல்லாம் வெறும் துணி. இவன் அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து ஒரு முகம் வாங்கிவிட்டான். சோப்பு விளம்பரத்தில் வருகிற மாதிரி ஒருத்தி நேராகப் பார்த்துச் சிரிக்கிறாள். அதோடு விட்டானா? படத்தில் அத்தைக்கு ஒரு கை பாதிதான் தெரியும். அதையும் வரையச் சொல்லி, விரல்களுக்கு நடுவில் ஒரு ரோஜாப்பூவை வேறு செருகிவிட்டிருக்கிறான். குழுவில் ஆளாளுக்குக் கை தட்டுகிறார்கள். எனக்கு வந்த கோபத்தில், "யாரடா இவள்?" என்று ஒரு வரி போட்டேன். அவன் கண்ணீர் விடுகிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விட்டான்.

உங்களிடம் சொன்னால் புரியும். மூக்குக் கண்ணாடியை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு நாமெல்லாம் வந்துவிட்டோம். ஆனால் ஒன்பது வயதில் பார்த்தது மட்டும் அப்படியே நிற்கிறது. அந்த முகம் எப்படிப் போயிற்று என்று தெரிந்தவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருத்திதான். அதனால் எழுதி வைக்கிறேன்.

புதுச்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மேற்கே மூன்று மைல் நடந்தால் எங்கள் ஊர். தாத்தா மிட்டாதார், சின்ன ஜமீன்தார் மாதிரி. நான் பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் மிட்டாக்களை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனாலும் தாத்தா சாகிற வரைக்கும் எதிரே வருகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடந்தார்கள். அந்த ஓவியம் மிட்டா இருந்த காலத்தில் எழுதியது. மதராசிலிருந்து ஒரு படக்காரர் வந்து, ஒரு மாதம் எங்கள் வீட்டிலேயே தங்கி, கோழிச்சாறு குடித்துக் குடித்து எழுதினாராம்.

படத்தில் நாலு பேர். நடுவில் சிங்கத்தலை நாற்காலியில் தாத்தா. மடியில் தடிமனான இங்கிலீஷ் புத்தகம். தாத்தாவுக்கு இங்கிலீஷில் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும், புத்தகம் படக்காரர் கொண்டுவந்தது. பக்கத்தில் பாட்டி, கழுத்து தெரியாத அளவுக்கு நகை. அவர் முகம் மஞ்சளாக இருக்கும். நோயாளி, படம் எழுதின அடுத்த வருடமே போய்விட்டார். தாத்தாவின் முழங்காலை ஒட்டிப் பத்து வயது அப்பா, அரைக்கால் சட்டையும் தலைப்பாகையுமாக. வலது ஓரத்தில் அத்தை. பதினாறு வயது. மற்ற மூன்று பேரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க, அத்தை மட்டும் முகத்தைத் திருப்பிச் சட்டத்துக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய ஒரு கையும் அந்தப் பக்கமாகவே நீண்டு, முழங்கையோடு சட்டத்தில் முடிந்துவிடும்.

செத்தவர்கள் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது எல்லார் வீட்டிலும் உண்டு. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே படம் என்பதால், யார் போகிறார்களோ அவர்கள் நெற்றியில் மட்டும் பொட்டு வைப்பார்கள். கண்ணாடி போடாத படம், நேராகச் சாயத்தின் மேலேதான் வைப்பது. அமாவாசைக்கு அமாவாசை அப்பா குளித்துவிட்டு ஈரத் துண்டோடு முக்காலியில் ஏறி, பழைய பொட்டின் மேலேயே புதிதாக வைப்பார். எனக்கு நினைவு தெரிந்து பாட்டிக்கும் அத்தைக்கும் பொட்டு உண்டு. நான் சொல்லப்போகிற வருடம் தை மாதத்தில் தாத்தாவும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் வைத்தாயிற்று. அதற்கப்புறம் அந்தப் படத்தில் உயிரோடு இருந்தது அப்பா மட்டும்தான். அவர் பொட்டு வைப்பதை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம், அடுத்தது இவர்தானா என்று முக்காலியின் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன்.

மாசியில் சித்தப்பாவுக்குப் பெண் நிச்சயமானது. சித்தப்பா அப்பாவுக்கு ஒன்பது வயது இளையவர். அவர் அந்தப் படத்தில் இல்லை. "நான் என்னத்துக்கு அந்தச் சுவத்தப் பாக்கோணும்? எனக்கு அதுல எடமில்ல" என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பாராம். விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் இருக்கும், ஆனால் கூடத்தில் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்.

நிச்சயம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா அப்பாவிடம் சொன்னார்: "அண்ணா, இணைச்சீருக்கு அக்காதான் நிக்கோணும். வேற ஆரையும் நிக்க வெச்சா நான் சேல முனையப் புடிக்கமாட்டனுங்க."

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் அவன் பக்கத்தில் நிற்பாள். கல்யாணக் கூறைச் சேலையை மடித்து ஒரு முனையை அவள் கையில் இடுக்கிக்கொள்ள, மறுமுனையை அவன் பிடித்துக்கொள்வான். கல்யாணம் ஆனாலும் கூடப்பிறந்தவளை விடமாட்டேன் என்று ஊரறியச் சொல்வது அது. அது இல்லாமல் கல்யாணம் பூர்த்தியாகாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொட்டு வைத்த அத்தை எப்படி வந்து நிற்பாள்? அம்மாவைப் போய்ப் பிடுங்கினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "சாகலயாமா அவங்க. சேலத்துல நர்சா இருக்கறாங்க. தாத்தா தலைய முழுகிட்டாரு, அவ்வளவுதான்" என்றாள்.

நடந்தது இதுதான். அத்தைக்குப் பத்தொன்பது வயதில் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கத் தேதி குறித்தார்கள். அத்தை மாட்டேன் என்று சேலத்துக்குப் போய் நர்சுப் படிப்பில் சேர்ந்துவிட்டாள். மிட்டாதார் மகள் ஊரார் மலத்துணியை அலசுவதா என்று தாத்தா ஆற்றில் தலைமுழுகி, மகள் செத்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னார். அன்றைக்கே அப்பாவை முக்காலியில் ஏற்றி, பொட்டு வைக்கச் சொன்னார். அப்பாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அத்தைதான் அவருக்குத் தலை சீவி விட்டுக்கொண்டிருந்தவள். அவள் நெற்றிக்கே அந்தப் பையனைப் பொட்டு வைக்க வைத்தார் தாத்தா. பெரிய மனுஷன் என்று பேர் வாங்கினவர் செய்கிற வேலையா அது?

அதற்குப் பிறகு எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து நியாயம் பேச ஆரம்பித்தார்கள். "பாரு, எழுதும்போதே வாசப்படியப் பாத்துட்டு நின்னிருக்கறா, ஓடறதுக்கு" என்பாராம் தாத்தா. எங்கள் பங்காளித் தாத்தா ஒருவர், வாயில் வெற்றிலையில்லாமல் நான் பார்த்ததே இல்லை, அவர் சொல்வது வேறு: "மொகத்தத் திருப்பறது எதுக்கு? உள்ள கள்ளம். கைய ஒளிச்சிருக்கறா பாரு." நாமும்தான் பார்த்திருக்கிறோமே, ஒருத்தியைக் கெட்டவள் என்று முடிவு கட்டிவிட்டால் அவள் காதுக் கம்மல்கூடக் கெட்டதாகத் தெரியும்.

சித்தப்பா சேலத்தில் காலேஜ் படித்தபோதே அத்தையைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார். பங்குனியில் தட்டு, பழம், சேலை எல்லாம் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அழைக்கப் போனார். ஒரு ராவுத்தர் வீட்டு மாடியில் அத்தை குடியிருந்தாள். வெள்ளைச் சேலை, பினாயில் வாசம், கொஞ்சம் நரை. செத்துப்போனவள் ஸ்டவ்வைப் பம்ப் அடித்து எனக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை தட்டைத் தொடவில்லை.

"சாமி, நீ கூப்புட்டது சந்தோசம். ஆனா ஊட்டுக்குப் பெரியவன் அவன். அவன் வந்து ஒரு வார்த்த சொல்லட்டும், வாரேன். இல்லாட்டி வேண்டாம். ஒருக்கா ஏமாந்தது போதும்."

இதை வந்து சொன்னதும் அப்பா எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டார். அப்பாவும் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் தாத்தா போட்ட கோட்டைத் தாண்டிப் பழக்கமில்லாதவர். அந்த மாத அமாவாசைக்கும் அத்தைக்குப் பொட்டு வைத்தவர்தான். பங்காளித் தாத்தா வேறு வந்து, "தாலி கட்டாத பொம்பளைய நிக்க வெச்சா சபையில ஆருப்பா உக்காருவா?" என்று கேட்டார். சித்தப்பா விடவில்லை. "கூடப் பொறந்தவதானுங்களே? அதுக்கு மேல என்ன ஓணும்?" என்றார். வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் இரண்டு வாரம் போயிற்று. கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள்தான் இருந்தது.

கடைசியில் அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பொட்டு வெச்ச ஆள எப்படி உள்ள கூப்புடறது? மொதல்ல பொட்ட எடுக்கோணும்."

அதற்காக நாமக்கல்லிலிருந்து ஒரு டிராயிங் மாஸ்டரை வரவழைத்தார். அவர் சைக்கிளில் வந்து, மோர் குடித்துவிட்டுப் படத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினார். புத்தகம் என்றால் கல்வி, சிங்கம் என்றால் அதிகாரம், தலைப்பாகைச் சிறுவன் என்றால் வாரிசு. பெண் முகத்தைத் திருப்பியிருப்பது மேல்நாட்டுப் பாணியாம், பெயர் ஏக்கமாம். "சரிங்க, கை?" என்று அம்மா கதவோரம் நின்று கேட்டாள். "அது வந்துங்கம்மா, எழுதினவருக்குக் கை சரியா வராது. நெறையப் பேருக்கு வராது" என்றார். பொட்டை எப்படி எடுப்பது என்று கேட்டதற்கு மட்டும், "இது எண்ணெய்ல எழுதினதுங்க, நான் வாட்டர் கலர் ஆளு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

எண்ணெய் என்ற வார்த்தையை அப்பா பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் எண்ணெய் என்றால் அரப்பு, சீயக்காய் மாதிரி ஒரு இலைப் பொடி. சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தால் அரப்புப் போட்டுத் தேய்த்தால்தான் பிசுக்குப் போகும். இருபது வருஷத்து விளக்குப் புகையும் சந்தனமும் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது, அரப்புப் போட்டால் போகும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அம்மாவும் "ஆமாங்க, போயிருமுங்க" என்றாள். அந்த வீட்டில் யாருக்கும் இது தப்பாகவே படவில்லை. எனக்கும்தான்.

மறுநாள் காலையில் நாலு ஆட்கள் படத்தை இறக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மணைப் பலகை போட்டு, ஆளை உட்கார வைப்பதுபோல் கிழக்கே பார்த்துச் சாய்த்து வைத்தார்கள். அம்மா பித்தளைக் குண்டானில் அரப்பைக் கரைத்துக் கொடுத்தாள். அந்தப் பச்சை வாசம் வாசலெல்லாம் நிறைந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல மெதுவாகத்தான் தேய்த்தார். பொட்டு முதலில் ஊறிக் குழைந்தது. பிறகு ஓரம் தூக்கியது. "வருதுங்க, வருதுங்க" என்று நான் குதித்தேன். அப்பா இன்னும் கொஞ்சம் அழுத்தினார். புண்ணின் பொருக்கு உரிவதுபோல் ஒரே பெயர்ப்பாகப் பெயர்ந்தது. நெற்றி, இரண்டு கண், மூக்கு, வாய் எல்லாம் அப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. இருபது வருடம் சந்தனம் தின்ற சாயம் பொட்டோடு சேர்ந்து வந்துவிட்டது.

அப்பா கையை விரித்தபடியே உட்கார்ந்திருந்தார். அம்மா குண்டானைக் கீழே போட்டுவிட்டாள். எட்டிப் பார்த்த பங்காளித் தாத்தா நிதானமாக வெற்றிலையைத் துப்பிவிட்டு, "போயிட்டாளப்பா அவ. நீங்க கூப்புடறதுக்குள்ள போயிட்டா. இது சகுனம்" என்றார்.

அப்பா எழுந்த வேகத்தில் மணைப் பலகை புரண்டது. சித்தப்பா பத்திரிகை வைக்க எடப்பாடிப் பக்கம் போயிருந்தார். அத்தை வீடு தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கையில் அரப்பும் தலையில் வெயிலுமாக அந்த மூன்று மைலும் ஓட்டமும் நடையுமாகப் போனார். எனக்குக் காலில் செருப்பில்லை. பஸ்ஸில் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். "அக்கா, அக்கா" என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மிட்டாதார் மகன் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராவுத்தர் வீட்டம்மா கதவைத் திறந்து எங்களைப் பார்த்துப் பயந்துவிட்டார். நான்தான் "எங்கத்த செத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

"அடி ஆத்தீ, ஏம்மா அப்பிடிச் சொல்றே? காலைல இட்லி சாப்ட்டுட்டு, குடைய எடுத்துக்கிட்டு டூட்டிக்குப் போனாங்க. ரெண்டு மணிக்கு வந்துருவாங்க" என்றார் அவர்.

அப்பா மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கும் எழுந்திருக்கவில்லை. அந்தம்மா எனக்குச் சோறு போட்டார், அப்பாவுக்கு எலுமிச்சம்பழச் சாறு கொண்டுவந்து வைத்தார். அதை ஈ மொய்த்தது. இரண்டு மணிக்குக் குடையை மடக்கிக்கொண்டு அத்தை சந்துக்குள் திரும்பினாள். அப்பா எழுந்து நின்றார். இருபது வருடம் கழித்து அக்காளும் தம்பியும் முதலில் பேசிக்கொண்டது இதுதான்.

"உசுரோட இருக்கீங்களாக்கா?"

"ஏன், இருக்கக் கூடாதா?"

அப்பா உள்ளங்கையைக் காட்டினார். இடுக்கில் இன்னும் சிவப்பும் மஞ்சளுமாகச் சாயம் இருந்தது. "உங்க மொகத்த அழிச்சுப்போட்டனுங்க" என்று சொல்லிவிட்டு, தெரு என்றும் பார்க்காமல் விம்மினார். நான் திக்கித் திணறி அரப்புக் கதையைச் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே வந்தவள், அரப்பு என்றதும் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மொகம் போனாப் போவுது போ. பொட்டுப் போச்சா இல்லியா?" என்றாள். பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "உன்ற கல்யாணத்தன்னிக்கு லீவு போட்டுட்டு, பட்டுச்சேலையக் கட்டீட்டு, இந்தப் படீலதான் உக்காந்திருந்தேன் தம்பி. ஆராச்சும் வந்து கூப்புடுவீங்கன்னு. பொழுது உழுந்துதான் சேலைய அவுத்தேன்."

அப்பா எங்கள் அம்மாவைக் கட்டியபோது பங்காளித் தாத்தாவின் மகள்தான் அவருக்கு இணைச்சீருக்கு நின்றது. அது எனக்கே தெரியும். "தம்பி கல்யாணத்துக்கு வாங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அத்தை சரி என்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அத்தை வந்தாள். நேராகக் கூடத்துக்குப் போய்ப் படத்தின் முன் நின்றாள். அதைப் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தார்கள். பின்னால் நாங்கள் எல்லாரும் நின்றோம். முகம் இருந்த இடத்தை அவள் ரொம்ப நேரம் பார்க்கவில்லை. சட்டத்தில் முடிகிற கையைத்தான் பார்த்தாள்.

"படத்துல சித்தப்பாவ எங்க காணோம்?" என்று நான் கேட்டேன். அவர் படத்தில் இல்லாத வருத்தம் என்னையும் தொற்றியிருந்தது.

"இங்கதான் இருக்கறான்" என்று சட்டத்துக்கு வலதுபுறம், வெறும் சுவரைத் தொட்டுக் காட்டினாள். "இந்த உத்தரத்துலதான் தூளி கட்டியிருந்துது. ஒரு வயசு இவனுக்கு. அழுதான்னா படக்காரரு பிரஷ்ஷ வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு, அப்பனுக்குக் கோவம் வந்துரும். அம்மாவால முடியாது. ஒரு மாசமும் தூளிக் கவுத்தப் புடிச்சு ஆட்டீட்டே நின்னேன். இந்தப் பக்கம் திரும்புன்னு அவரு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. நான் திரும்பினா இவன் வீல்னு கத்துவான். அப்பறம் அவரும் போனாப் போவுதுன்னு அப்படியே எழுதிட்டாரு. கவுறு இருந்தா படம் நல்லா இருக்காதுன்னு கையோட நிறுத்திட்டாரு."

வீட்டு வாசலைப் பார்த்தாள், கள்ளத்தை மறைத்தாள், ஏங்கினாள் என்று எத்தனை பேர் எத்தனை பேசியிருப்பார்கள்! தூளி தொங்கிய உத்தரம் அங்கேயே, எல்லார் தலைக்கு மேலேயும் இருந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சித்தப்பா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இருபத்தைந்து வயது ஆள்.

மறுநாள் இணைச்சீருக்கு அத்தை நின்றாள். பங்காளித் தாத்தா சபையில் வந்து உட்காரத்தான் செய்தார், முதல் பந்தியிலும் உட்கார்ந்தார். தாலி கட்டி, பந்தி நாலு முடிந்து, வந்த ஜனம் கலைந்தது. அத்தைக்கு மறுநாள் காலை டூட்டி. சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டு பந்தலில் வந்து நின்றாள். எல்லாரும் வழியனுப்ப நின்றோம். அப்பா மட்டும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"வாரேன் தம்பி" என்றாள் அத்தை.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வியர்வை துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதை நாலாக மடித்தார்.

"அக்கா, எனக்கும் ஒருக்கா நில்லுங்கக்கா."

பந்தல் பிரிக்க வந்த ஆட்கள் சிரித்தார்கள். மூன்று பிள்ளை பெற்றவருக்கு இணைச்சீரா? அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை பையைக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தலுக்குள் வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் கிழக்கே பார்த்து நின்றாள். துண்டின் ஒரு முனையைக் கையில் இடுக்கிக்கொண்டாள். மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். மேளக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மந்திரம் சொல்லவும் யாரும் இல்லை. சேலம் பஸ் போகிற நேரம் தாண்டியும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

என் பக்கத்தில் அம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு, யாரிடம் என்றில்லாமல் சொன்னாள்:

"பதினோரு வருசம் கழிச்சு, எங்க கல்யாணம் இன்னிக்குத்தான் முடிஞ்சுது."